தீவாந்திரத்தில் இல்லறம்: அந்தமான் தண்டனைக் குடியேற்றத்தில் கணவன் மனைவியரின் பற்றுறுதி (1858–1945)

கடல்வழிச் செலவு மகளிரொடு கூடியதன்று என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கின்றது. அந்நூற்பாவின் முதற்சொல்லை இளம்பூரணர் கடல் எனவே கொள்வார். நச்சினார்க்கினியரோ ஓதல், தூது, பொருள் என்னும் மூவகை நீர்மை எனப் பிரித்து வேறு பொருள் காண்பார். உரையாசிரியர் இருவருள் யார் பக்கம் நிற்பினும், கலத்திற் செல்பவன் தலைவன், கரையில் இருப்பவள் தலைவி என்பது பழந்தமிழ் அகமரபின் எழுதப்பட்ட, எழுதப்படாத முறைமை என்பதில் ஐயமில்லை. பிரிந்தோர் இருவருள் ஒருவர் உறுதி மற்றவர் உறுதியை எவ்வாறு தாங்குகின்றது என்னும் வினாவை இம்முறைமை தன்னுள் கொண்டுள்ளது. அதற்கு விரிவான கதைவடிவம் தந்தவர் மணிமேகலை ஆசிரியர்.

காவிரிப்பூம்பட்டினத்துச் சாதுவன் மனைவி ஆதிரையை நீங்கிக் கணிகையிடம் பொருள் தொலைத்தான். பின் வணிகரோடு கலம் ஏறினான். கலம் கவிழ்ந்தது. ஒடிந்த மரத்தைப் பற்றி அவன் ஒதுங்கிய இடம் ஆடையற்ற நாகர் வாழும் மலை. நாகர் தலைவன் அவனுக்கு நங்கை ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் அளிக்கச் சொன்னான், சாதுவன் மறுத்தான். அதே வேளையில், கணவன் இறந்தான் எனத் தப்பிவந்தோர் கூறக்கேட்ட ஆதிரை தீப்புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. பின்னர்ச் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் சாதுவன் ஊர் திரும்பினான். இந்நாகர் நாட்டை முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கூறும் மாநக்கவாரத்தோடு, அதாவது இன்றைய நிக்கோபாரோடு, இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர் உளர். அவ்விணைப்பு முடிந்த முடிபு அன்று. இக்கட்டுரைக்கு அது இன்றியமையாததும் அன்று. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. சாதுவன் மறுத்ததை ஆதிரை அறியாள்; ஆதிரை தீப்புகுந்ததைச் சாதுவன் அறியான். இருவர் உறுதியும் ஒன்றையொன்று காணாமலே நிற்கின்றன. காப்பியத்தில் இதற்கு வானொலி துணைசெய்தது. வரலாற்றில் அவ்வாறு துணைசெய்வார் இலர்.

மணவுறவில் நிலைத்து நிற்கும் மனத்திட்பத்தை இக்கட்டுரை பற்றுறுதி என்னும் சொல்லால் குறிக்கின்றது. அமெரிக்க உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் 1980இல் முன்வைத்த முதலீட்டுக் கோட்பாடு, பற்றுறுதியை மூன்று கூறுகளால் விளக்கியது: உறவில் கிடைக்கும் நிறைவு, அவ்வுறவுக்கு வெளியே உள்ள மாற்று வாய்ப்புகள், அதுவரை அவ்வுறவில் இட்டு இழக்கவியலாதாகிப்போன உழைப்பும் உடைமையும். 1999இல் அவரும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வொன்று இன்னும் ஓரடி முன்னே சென்றது. ஒருவர் உறவுக்காகத் தம் நலத்தை விட்டுக்கொடுப்பதை மற்றவர் கண்ணால் காணும்போது நம்பிக்கை பிறக்கின்றது, அந்நம்பிக்கை கண்டவரின் பற்றுறுதியை வளர்க்கின்றது, அவரும் விட்டுக்கொடுக்கின்றார், இவ்வாறு ஒரு சுழற்சி தொடர்கின்றது என்பது அதன் சாரம். ஆயின் இவ்வாய்வுகள் பிரிந்து செல்லும் உரிமை உடையோரிடம் நிகழ்த்தப்பட்டவை. அவ்வுரிமை அரசாணையால் பறிக்கப்பட்ட இடத்தில், விட்டுக்கொடுத்தல் எது, வேறுவழியின்மை எது என ஒருவர் மற்றவரைப் பற்றி எவ்வாறு அறிதல் கூடும்? அந்தமான் தண்டனைக் குடியேற்றம் இவ்வினாவை ஆராய்தற்குரிய அரிய களம்.

சட்டம் கட்டிய இல்லறம்

1858 மார்ச்சில் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கியபோது தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரம் அதுவே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'தீவாந்திர சிட்சை' என்றும், வடபுலத்தில் 'காலாபானி' என்றும் வழங்கிய அச்சம் இங்கிருந்து எழுந்தது. முதலில் வந்தோர் ஆடவர். வெறும் ஆடவர் கூட்டம் நிலைத்த குடியாகாது, கிளர்ச்சிக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் இடமாகும் என்று ஆட்சியாளர் விரைவிலேயே கருதத் தலைப்பட்டனர். இல்லறம் அவர்கள் கண்ணில் ஒரு காவற்கருவி.

1894 முதல் 1904 வரை தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்டு கார்னாக் டெம்பிள் இம்முறையை விரிவாகப் பதிந்துவைத்துள்ளார். ஆடவன் முதல் ஆறு திங்கள் தனியறைச் சிறையிலும், அடுத்த ஒன்றரை ஆண்டு கூட்டுச் சிறையிலும், பின் மூன்றாண்டு கடும் உழைப்பிலும், அதன்பின் ஐந்தாண்டு சற்று எளிய உழைப்பிலும் கழிக்க வேண்டும். பத்தாண்டு முடிந்தபின் அவனுக்கு விடுப்புச் சீட்டு கிடைக்கும். அப்போது அவன் தற்சார்பாளன். உழலாம், மாடு வளர்க்கலாம், ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைக்கலாம், அல்லது பெண் கைதி ஒருத்தியை மணக்கலாம். ஆனால் தீவை விட்டு நீங்கலாகாது. வேலையின்றி இருத்தலும் ஆகாது. பெண்ணுக்கு விதி வேறு. ஐந்தாண்டு கழிந்தபின் அவள் மணம் புரியவோ வீட்டுவேலைக்குச் செல்லவோ தகுதி பெறுவாள். இவ்விரண்டும் இல்லையேல் பெண்கள் சிறையிலேயே இருத்தல் வேண்டும். மணமாகாதவள் 20 ஆண்டு தீவில் இருக்க வேண்டும்; மணமானவள் 15 ஆண்டில் கணவனோடு வெளியேறலாம்.

இவற்றினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. மணமான இணையர் ஒருவர் தவணை முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். வெளியேறினால் இருவரும் சேர்ந்தே வெளியேற வேண்டும். ஒருவர் தண்டனைக்காலம் மற்றவர் தண்டனைக்காலமாக மாறுகின்றது என்பது இதன் பொருள். தன் தவணையை ஏறத்தாழ முடித்துவிட்ட ஆடவன், அண்மையில் வந்த பெண்ணை மணந்தால், தன் விடுதலையைப் பல ஆண்டு தள்ளிவைக்கின்றான். அவன் அதனை அறிந்தே மணக்கின்றான். அவளும் அதனை அறிவாள். ரஸ்பல்ட் குழுவினர் கூறும் 'கண்ணால் காணும் விட்டுக்கொடுத்தல்' இங்கு நாட்கணக்கில் அளந்து சொல்லத்தக்கதாக அமைந்தது. மணத்திற்கு முன் நிகழும் அத்தெரிவில் உரிமை இருந்தது; மணத்திற்குப் பின் அது விதியுள் மறைந்தது.

பெண்ணுக்கு உண்டான சுமை இதனினும் கடிது. கணவனோடு வாழாத மனைவி பெண்கள் சிறைக்கே திரும்ப வேண்டியவள். பூசலிட்டுப் பிரிந்த கணவன் தன் குடிசையிலும் வயலிலும் இருப்பான். மனைவி மதிலுக்குள் செல்வாள். அவள் நிலைத்திருந்தமையைப் பற்றுறுதி என்று கணக்கிடும் எவரும் இம்மதிலையும் கணக்கிடல் வேண்டும். மறுபுறம், தீவில் பெண்களின் தொகை ஆடவர் தொகைக்கு முன் மிகச் சிறிது. எனவே மணத்திற்கு முன்னர் அவளுக்குத் தெரிவு இருந்தது. தற்சார்பாளர் பலர், பெண்கள் சிலர். இருவருள் குறைந்த விழைவு உடையவரே உறவின் போக்கை முடிவுசெய்வர் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லர்டு வாலர் 1938இல் எழுதினார். போர்ட் பிளேரில் அவ்வலிமை மணநாள்வரை பெண்ணிடமும், மணநாளுக்குப் பின் ஆணிடமும் இருந்தது எனலாம். டெம்பிளின் பதிவுகளில் ஒழுங்கைக் காண்போர் இக்கைம்மாற்றத்தைக் காணத் தவறுகின்றனர் என்பது இவ்வாய்வாளர் கருத்து.

அப்பெண்களுள் கணிசமானோர் கொலைக்குற்றத்திற்காக, அதிலும் கணவனையோ பச்சிளங் குழந்தையையோ கொன்றமைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். முதல் இல்லறம் முறிந்த இடத்திலிருந்து அழைத்துவந்து இரண்டாம் இல்லறத்தின் தூணாக அவர்களை நிறுத்திய அரசின் நம்பிக்கையை என்னென்பது! ஊரில் கணவன் உயிரோடிருக்கும் இந்துப் பெண்ணுக்குத் தீவில் நிகழும் மறுமணம் செல்லுமா என்பதும் அலுவலரை நெடுங்காலம் அலைக்கழித்தது. சாதியும் சமயமும் ஒத்தனவா என்றும் பார்த்தே ஒப்புதல் தந்தனர். தலைவன் தலைவியர்க்குரிய பத்து ஒப்புகளைத் தொகுத்த தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பிறப்பையும் குடிமையையும் முன்வைத்தது. போர்ட் பிளேர் அலுவலகமும் அவற்றில் நின்றுவிட்டது. அருள், உணர்வு முதலியவற்றுக்குப் படிவத்தில் இடமில்லை. எனினும் சாதி கடந்த மணங்கள் நிகழ்ந்தன. அவற்றின் வழிவந்த பிள்ளைகள் இந்துஸ்தானியைத் தாய்மொழியாகக் கொண்டு 'லோக்கல் பார்ன்' என்னும் தனிச் சமூகமாக வளர்ந்தனர்.

வர மறுத்த மனைவியர், திரும்பாத கணவர்

கைதிகளின் மனைவி மக்களை அரசுச் செலவில் தீவுக்கு அனுப்பும் முயற்சி குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே மேற்கொள்ளப்பட்டது. வந்தோர் மிகச் சிலர். கடல்கடத்தலால் சாதி கெடும் என்னும் அச்சம் இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். அது ஒரு காரணமே. பத்தாண்டு உழைப்புக்குப் பின் விடுப்புச் சீட்டு பெற்று அழைக்கும் கணவன், பிரிந்துசென்ற அதே மனிதன் தானா என்பதை அறிய மனைவிக்கு வழியில்லை. அவளுக்கு மாமனார் வீடும் பிள்ளைகளும் நிலமும் கண்முன் உள்ளவை. கணவனின் உறுதி கேள்வியளவில் நிற்பது.

இதன் மறுமுகத்தை மௌலானா முகம்மது ஜாஃபர் தானேசரியின் வாழ்வில் காணலாம். 1864ஆம் ஆண்டு அம்பாலா வழக்கில் தூக்குத்தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, 1866 சனவரியில் அந்தமான் சேர்ந்தவர் அவர். எழுத்தராகவும் ஆங்கில அலுவலர்க்கு மொழி கற்பிப்பவராகவும் அவர் விளங்கினார். தாயகத்தில் மனைவி இருக்கவே, தீவில் காசுமீரப் பெண் ஒருத்தியை மணந்தார். அவள் இறந்தபின் அல்மோராவைச் சேர்ந்த பெண்ணை மணந்தார். 1883இல் விடுதலை பெற்றுத் திரும்பியபோது தனியே வந்தவர் குடும்பத்தோடு சென்றார். 'காலாபானி' என்று பரவலாக அறியப்படும் அவருடைய உருது நூல் இவற்றை ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றது. ஆயின் அந்நூலில் பேசுபவர் அவர் மட்டுமே. அல்மோராப் பெண் தன் சமயத்தை விட்டு அவர் சமயம் தழுவினாள். பின் தான் ஒருபோதும் கண்டிராத ஊருக்கு, அங்கே மூத்த மனைவி இருப்பதை அறிந்தும், உடன் சென்றாள். மனைவியை விட்டுவிட்டுத் தான் மட்டும் செல்ல அவருக்கும் மனமில்லை. இருவர் செயலும் ஒன்றையொன்று ஈர்த்தமைக்குத் தீவின் பதிவுகளில் இதனினும் தெளிவான சான்று அரிது. பதினேழு ஆண்டு காத்திருந்த மூத்த மனைவியின் பக்கத்தை எழுதுவார் இலர்.

சாதுவனுக்கு நேர்மாறான ஒருவனையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 276ஆம் எண் கைதி தூத்நாத் திவாரி, 1857 கிளர்ச்சியில் பங்குகொண்ட சிப்பாய். 1858 ஏப்ரலில் வேறு பலரோடு ராஸ் தீவிலிருந்து தப்பினான். அந்தமான் பழங்குடியினரின் அம்புகளுக்கு உடன்வந்தோர் இரையாக, அவன் மட்டும் உயிர்பிழைத்து அவர்களிடையே ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தான். லீபா, ஜிகா என்னும் இருவரை அவர்கள் அவனுக்கு மணம்செய்து தந்தனர். 1859 மே மாதம் அபர்தீனைத் தாக்க அவர்கள் அணிவகுத்தபோது, அவன் முன்னதாக ஓடிவந்து ஆங்கிலேயரிடம் செய்தி சொன்னான். தாக்குதல் தோற்றது, அவனுக்கு 1860இல் மன்னிப்பு கிடைத்தது. அவன் பிரிந்தபோது லீபா கருவுற்றிருந்தாள். ஒரு குலமே ஒருவனை நம்பித் தன் பெண்களைத் தந்தபின் அவன் திரும்பச் செய்தது இது. 1899இல் அந்தமானியர் வரலாற்றை எழுதிய அலுவலர் போர்ட்மன் இந்நிகழ்வை விரிவாகவே பதிந்துள்ளார். முன்பின் அறியாதவனுக்கு நங்கையை அளிக்கும் நாகர் தலைவனின் செயலைக் காப்பியம் விலக்கத்தக்கதாகக் காட்டியது. லீபாவின் கதையைப் படித்தபின் அச்செயலில் இருந்த நம்பிக்கையும் நம் கண்ணில் படுகின்றது.

ஆண்டுக்கு ஒரு மடல்

1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறை இல்லறத்திற்கு இடமே தரவில்லை. அங்கிருந்த அரசியல் கைதிகள் ஆண்டுக்கு ஒரு மடல் எழுதலாம், ஒரு மடல் பெறலாம். அதுவும் அலுவலர் படித்துக் கழித்தது போக எஞ்சியதே. கணேச சாவர்க்கரின் மனைவி யசோதாபாய் கணவரை மீண்டும் காணாமலே 1919இல் இறந்தார். அதே ஆண்டில் அவர் கொழுநன் விநாயக சாவர்க்கரின் மனைவி யமுனாபாய் தீவுக்குச் சென்று தம் கணவரைக் கண்டார். ஒரே வீட்டில் ஓரகத்தியராய் இருந்து காத்தவர் இருவர். ஒருவருக்கே காட்சி வாய்த்தது.

உல்லாஸ்கர் தத்தரின் வாழ்வு தமிழ்நாட்டோடும் தொடர்புடையது. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909இல் தூக்குத்தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, அந்தமான் சென்றவர் அவர். சிறைக்கொடுமையால் 1912இல் மனம் பேதலித்தது. பின்னர்ச் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, 1920இல் விடுதலையாகும்வரை தமிழ் மண்ணில் இருந்தார். கைதுக்கு முன் அவர் விரும்பியிருந்தவர் பிபின் சந்திர பாலரின் மகள் லீலா. அவருக்கு வேறிடத்தில் மணம் முடிந்தது. லீலா கைம்பெண்ணாகி உடல்நலமும் குன்றியிருந்த நிலையில், 1948இல், தம் அறுபத்து மூன்றாம் வயதில், உல்லாஸ்கர் அவரை மணந்தார்; சில்சாரில் தாமே அவருக்குப் பணிவிடை செய்து வாழ்ந்தார்; 1965இல் மறைந்தார். இதனை ஒருதலைக் காமத்தின் நெடுவாழ்வு என்று கொள்வார் கொள்க. ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளியில் ஒருவர் உறுதியை மற்றவர் கண்டு வளர்த்துக்கொள்ள வாய்ப்பேயில்லை என்பது உண்மை. ஆயினும் இருவரும் எவ்விதக் கட்டும் இன்றித் தெரிந்த நாள் ஒன்று வந்தது. அந்நாளில் லீலா இசைந்தார். கைம்மை நோன்பை எதிர்பார்த்த சமூகத்தில், நோயுற்ற நிலையில், அவ்விசைவும் சிறிய துணிவன்று. இந்நிகழ்வை உரைப்போர் அனைவரும் உல்லாஸ்கரின் தியாகத்தையே பேசுகின்றனர்.

மாப்பிளைப் பெண்டிரின் கடற்செலவு

இந்தியச் சிறைகளை ஆய்ந்த 1919–20ஆம் ஆண்டுக் குழு அந்தமான் குடியேற்றத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது. 1921இல் அரசும் அம்முடிவுக்கு வந்தது. அவ்வாண்டே மலபாரில் மாப்பிளைக் கிளர்ச்சி எழுந்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அதன் சிறைகள் நிரம்பி வழிந்தன. 1922 முதல் தண்டனை பெற்ற மாப்பிளைமார் அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டனர். இம்முறை அரசின் நோக்கம் சிறையன்று, குடியேற்றம். வந்த கைதிகள் பத்தாண்டு காத்திராமல் நிலம்பெற்று உழலாம், மனைவி மக்களை வரவழைக்கலாம், பயணச்செலவு அரசினுடையது.

தொடக்கத்தில் கைதிகள் தயங்கினர். மலபாரில் இத்திட்டத்திற்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. நாடுகடத்தலைக் குடும்பத்துக்கே விரிக்கும் சூழ்ச்சி என்றனர். அக்குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலில்லை. குற்றமற்ற மனைவி தன் விருப்பத்தால் தீவாந்திரம் ஏற்பதற்கு அரசு வழி திறந்துவைத்திருந்தது. ஆனால் முந்தைய தலைமுறை மனைவியர்க்கும் இவர்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. அன்று அழைப்பு பத்தாண்டு கழித்து வந்தது. இன்று ஓரிரு ஆண்டில் வந்தது. ஒரே ஊரிலிருந்து பலர் சென்றிருந்தமையால் ஒருவர் மடல் பல வீடுகளுக்குச் செய்தியாயிற்று. முதலில் சென்ற பெண்கள் உயிரோடு நலமாக உள்ளனர் என்பதே அடுத்த பெண்களுக்குத் துணிவு. நிலம் கணவன் பெயரில் இருந்தது. மனைவி வராவிடில் அந்நிலத்தில் அவன் நிலைக்கப்போவதில்லை. எனவே அவளது வருகை அவனது தங்குதலை முடிவுசெய்தது. அவனது தங்குதல் உறுதி அவளது வருகையை முடிவுசெய்தது. எது முந்தியது என்று பிரித்துக் காண்பது கடினம். 1920களின் நடுப்பகுதியில், தங்க விரும்பாதோர் தாயகச் சிறைகளுக்குத் திரும்பலாம் என்னும் நிலை ஏற்பட்டபோது, சிலர் திரும்பினர். குடும்பத்தோடு இருந்தோர் பலர் திரும்பவில்லை.

இக்காலத்தில்தான் பற்றுறுதியைச் சோதிக்கும் உண்மையான வாய்ப்பு வரலாற்றாய்வாளனுக்குக் கிடைக்கின்றது. சேர்ந்தே வெளியேற வேண்டும் என்ற பழைய விதியின் கீழ் நிலைத்த இணையரின் மனத்தை அவ்விதியே மூடி மறைத்தது. கதவு திறந்தபின் யார் இருந்தனர் என்பதே பேசும் சான்று. தவணை முடிந்த பழைய கைதிகளுள்ளும் தீவிலேயே தங்கியவர் உண்டு. அங்குப் பிறந்த பிள்ளைகளை அழைத்துச்சென்று எந்தச் சாதியில் சேர்ப்பது என்னும் அச்சமும் அவர்களைத் தங்கவைத்தது. அச்சத்தால் தங்கியோரையும் அன்பால் தங்கியோரையும் வேறுபடுத்த இயலாது என்று சிலர் வாதிடக்கூடும். மாப்பிளைக் குடும்பங்களைப் பொறுத்தவரை இவ்வாதம் பொருந்தாது. அவர்களுக்குத் திரும்பிச்செல்லச் சொந்த ஊரும் உறவும் சாதியிழப்பில்லாத வரவேற்பும் இருந்தன.

1942 மார்ச்சில் சப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். பட்டினியும் கொலையும் மிகுந்த அம்மூன்றரை ஆண்டுகளில் தாயகத்தோடு மடற்போக்குவரத்தும் அற்றது. 1945இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோது தண்டனைக் குடியேற்றம் முற்றாக ஒழிக்கப்பட்டது. எஞ்சிய கைதிகள் விடுவிக்கப்பட்டு, விரும்பினோர் தாயகம் செல்ல அனுமதிக்கப்பட்டனர். தெற்கு அந்தமானில் இன்றும் வண்டூர், மஞ்சேரி, திரூர், காலிகட், மன்னார்காடு, மலப்புரம் என்று ஊர்கள் உள்ளன. கணவர் கைதியராக வந்து, மனைவியர் கைதியரல்லாமல் வந்து, இருவரும் சேர்ந்து வைத்த பெயர்கள் அவை.